உப்புப் படகின் மூன்றாம் பாகம்

கன்யின் ஓடை கிராமம்
வாசோ மாதம், தேய்பிறை ஆறாம் நாள்

வாடகைப் புத்தகக் கடை டின் ஓன் அக்காவுக்கு,

நல்லா இருக்கீங்களா அக்கா? முட்டிவலி எப்படி இருக்கு? மழையில கடைக்குள்ள தண்ணி ஏறிருச்சுன்னு படகுக்காரர் சொன்னார். கீழ்த்தட்டுப் புத்தகத்தையெல்லாம் மேல ஏத்திட்டீங்களா? நான் நல்லா இருக்கேன். கால் மட்டும் என் பேச்சைக் கேக்குறதில்ல. படகுல ஏறி ஆறு வருசம் ஆச்சு.

ரெண்டு புத்தகமும் இந்தப் படகுல திரும்பி வருது. முதல்ல 'மாந்தலே மாடிவீடு' பத்திச் சொல்லிர்றேன். மழை விட்டதும் கூரை மேய ஓலைக்கு ஆளுங்க அடிச்சுக்குவாங்கன்னு கொட்டகையில இப்பவே பதினோரு பொம்பளைங்க உக்காந்து தைக்கிறாங்க. நடுவுல பாயைப் போட்டு நான் சத்தமா வாசிக்கிறேன். அந்தக் கதையில பணக்கார வீட்டுப் பொண்ணு நாலு தடவை மயங்கி விழுறா. மூணாவது தடவை விழுந்தப்ப அங்க தைக்கிற டோ பூ வெத்தலையைத் துப்பிட்டு, "அவளுக்கு யாராவது ஒரு கிண்ணம் மொஹிங்கா வாங்கிக் குடுங்கய்யா, பட்டினி கெடந்தே சாவா போலிருக்கு"ன்னா. அதுக்கப்புறம் அழுகிற இடம் வந்தாலும் எல்லாரும் சிரிப்புத்தான். துப்பறியும் கதை அதைவிட மோசம். தோட்டக்காரன்தான் திருடன்னு இருபதாம் பக்கத்துலயே தெரிஞ்சு போச்சு. மிச்சம் இருநூறு பக்கமும் போலீஸ்காரனுக்கு மட்டும் தெரியல.

எனக்கு எழுத்துத் தெரிஞ்சதே மடத்துல ரெண்டு மழைக்காலம் இருந்ததாலதான். அந்தச் சாமியாருக்கு மத்தியானம் தூக்கம் வரணும்னா யாராவது வாசிக்கணும். நான் தப்பா வாசிச்சா முழிச்சுக்குவார், சரியா வாசிச்சாத் தூங்கிருவார். அப்படித்தான் கத்துக்கிட்டேன். எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்? ஆங், அடுத்த புத்தகம்.

அழுகை வரணும் அக்கா, ஆனா யாரும் மயங்கி விழக் கூடாது. காத்திருக்கிற கதை ஏதாவது இருந்தா அனுப்புங்க. கேட்டது கொட்டகையில தைக்கிற மா ஞோ. அவ புருசன் செய்ன் மீன்பிடிக் கப்பல்ல தாய்லாந்துப் பக்கம் போயி அஞ்சு வருசம், ஒரு வரி வரல. இப்ப படகுத் தச்சர் வின் பே அவளைக் கேட்டிருக்கார். நல்ல மனுசன். கொட்டகை ஓரமா உக்காந்துதான் படகு பழுது பாக்குறார். மழைக்கால விரதம் முடியாம கல்யாணம் கிடையாதுங்கிறது உங்களுக்குத் தெரியாததா? விரதம் முடியிற விளக்குப் பௌர்ணமிக்குள்ள பதில் சொல்லுன்னு கேட்டிருக்கார். அவ வாயே தொறக்கல. ஓலையை மட்டும் நெருக்கித் தைக்கிறா.

இப்படிக்கு,
தா லைங்

*

பியாபோன்
வாசோ, தேய்பிறை பதின்மூன்று

தம்பி தா லைங்,

கடிதமும் புத்தகங்களும் வந்தன. 'மாடிவீடு' நாற்பத்தேழாம் பக்கத்தில் வெற்றிலைச் சாறு. டோ பூ அம்மாள்தானே? புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டாதீர்கள் என்று மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

மயக்கம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் கடையில் தனியாகச் சிரித்தேன். எதிர்க்கடை தேயிலைக்காரர் எட்டிப் பார்த்தார். என் கடைக்கு வருகிறவர்கள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது "நல்லா இருந்துச்சு" என்பார்கள். அவ்வளவுதான். என்ன நல்லா இருந்தது என்று கேட்டால் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

'உப்புப் படகு போன திசை' அனுப்பியிருக்கிறேன். காத்திருக்கிற பெண்ணின் கதைதான். தடித்த நாவல். எப்போதும் செய்வதுபோல் பிரித்து மூன்று பாகமாகத் தைத்து அட்டை போட்டிருக்கிறேன். அப்போதுதான் ஒரே புத்தகம் மூன்று வீடுகளில் ஓடும். முதல் இரண்டு பாகங்கள் இதில் உள்ளன. மூன்றாம் பாகம் வேறொருவரிடம் போயிருக்கிறது. வந்ததும் அனுப்புகிறேன்.

பாதியில் என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். முடிவு தெரியாமல் இருக்கும்போது நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதைப் படிக்கத்தான் எனக்கு ஆசை.

டின் ஓன்

*

கன்யின் ஓடை
வாகவுங் மாதம், வளர்பிறை பன்னிரண்டு

அக்கா,

நல்லா இருக்கீங்களான்னு கேக்கக்கூட நேரமில்ல. மூணாம் பாகம் எங்க?

இப்படி ஒரு புத்தகத்தை நான் வாசிச்சதே இல்ல. நிலார் புருசன் உப்பு ஏத்திக்கிட்டுப் போறான், திரும்பல. பன்னெண்டு வருசம் அவ தினம் துறைக்குப் போறா. துறையில சீட்டுக் குடுக்குற அந்த ஆளு ஒரு வார்த்தை கேக்காம அவளுக்கு ஒரு மீனை இலையில சுத்தி வச்சுட்டுப் போறான். பன்னெண்டு வருசமா ஒரு மீன்! ரெண்டாம் பாகம் முடியிற இடத்துல தூரத்துல ஒரு படகுப் பாய் தெரியுதுங்கிறாங்க, அட்டை வந்துருது. கொலைகாரத்தனமால்ல இருக்கு? அந்த இடத்துலயா பிரிச்சுத் தைப்பீங்க?

கொட்டகை ரெண்டா உடைஞ்சு போச்சு. ஆறு பேர் புருசன் பக்கம், நாலு பேர் மீன்காரன் பக்கம். டோ பூ மீன்காரன் பக்கம். "வராதவனுக்கு விளக்கு ஏத்துறதுக்கு, மீன் குடுக்கிறவனுக்குச் சோறு வடிச்சுப் போடலாம்"ங்கிறா. ஒருத்திக்கு ஒருத்தி ஊசி இரவல் குடுக்கக்கூட மாட்டேங்குறாங்க.

மா ஞோ எந்தப் பக்கமும் சேரல. வாசிக்கிறப்ப அவ ஊசி மட்டும் நின்னுருது. நேத்து கேட்டா, "பெரியப்பா, அந்தப் பாய் அவன் படகோடதுதானே?" எனக்கு எப்படித் தெரியும்? அப்ப வெளிய படகுல இடுக்கு அடைச்சுக்கிட்டிருந்த வின் பே சிரிச்சார். "என்ன மா ஞோ, எனக்குப் பதில் எப்ப?"ன்னார். இவளும் சிரிச்சுக்கிட்டே, "கதை முடியட்டும், சொல்றேன்"னா. அத்தனை பேரும் ஓன்னு கத்தினாங்க. அவர் என்கிட்ட வந்து மெதுவா, "எனக்கும் புத்தகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா சீக்கிரம் வாசிச்சு முடிங்க பெரியப்பா"ன்னுட்டுப் போனார்.

விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி எனக்குத் தெரியல அக்கா. அவளால தானா முடிவு பண்ண முடியல. அனுப்பி வைங்க.

தா லைங்

*

பியாபோன்
வாகவுங், தேய்பிறை நான்கு

தம்பி,

மூன்றாம் பாகம் இன்னும் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இலையில் சுற்றிய மீனைப் பற்றி என்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான். எனக்கு நிலார் மேல் கோபம் உண்டு. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளாவது அந்த மனிதரிடம் "நீங்கள் சாப்பிட்டீர்களா" என்று கேட்டிருக்கலாம் அல்லவா? நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அதுவரை ஒரு பேய்க்கதைத் தொகுப்பு அனுப்பியிருக்கிறேன். கிணற்றடிப் பேய் கதை நன்றாக இருக்கும். மற்றவை சுமார்தான்.

டின் ஓன்

*

கன்யின் ஓடை
தோதலின் மாதம், வளர்பிறை மூன்று

அக்காவுக்கு,

நல்லா இருக்கீங்களா? முட்டிக்கு இஞ்சித் தைலம் போடுங்க. இங்க மழை அடிச்சு ஊத்துது. ஓடையில விரால் மீன் கரைமேல ஏறித் துள்ளுது. நேத்து ஒண்ணு எங்க வீட்டுப் படியில கெடந்துச்சு. அதைப் பிடிக்கப் போயி டோ பூ வழுக்கி விழுந்து, விழுந்த இடத்துல உக்காந்துக்கிட்டே மீனைத் திட்டினா. பேய்க்கதை பரவாயில்ல. கிணத்தடிப் பேய் நல்லா இருந்துச்சு.

மூணாம் பாகம் இனி வேண்டாம் அக்கா. யார்கிட்ட இருக்கோ அவங்க மெதுவாத் தரட்டும். கொட்டகையில அந்தக் கதை முடிஞ்சு போச்சு.

வின் பே உளிப்பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போன புதன்கிழமைப் படகுல ஏறிட்டார். பாதி அடைச்ச படகு ஒண்ணு அப்படியே குப்புறக் கெடக்குது. எங்க போனார்னு யார்கிட்டயும் சொல்லல.

கதைப் புத்தகம் அனுப்பாதீங்க. மரம் செடி வளக்குறது, மூலிகை, அந்த மாதிரி முடிவுன்னு ஒண்ணு இல்லாத புத்தகம் இருந்தா அனுப்புங்க.

தா லைங்

*

பியாபோன்
தோதலின், வளர்பிறை பத்து

தம்பி தா லைங்,

நேற்று கடைக்கு ஒருவர் வந்தார். கை நிறையப் படகுத் தார். கீழ்க்கரைப் பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாராம். வாசலிலேயே நின்றுகொண்டு, "உப்புப் படகு கதை இருக்காம்ல. அதுல மூணாம் பாகம் வேணும்" என்றார். நான் வழக்கம்போல், வெளியே போயிருக்கிறது என்றேன்.

"பரவால்ல, வாசிக்கக்கூட எனக்குச் சரியா வராது. என்னதான் எழுதியிருக்குன்னு என் கண்ணால பார்க்கணும்னு தோணுச்சு. கடைசில புருசன் திரும்பி வந்துருவானாம்ல?" என்றார்.

யார் சொன்னது என்று கேட்டேன். "கன்யின் ஓடையில வாசிச்சாங்க. எல்லாரும் அழுதாங்களாம்" என்றார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தம்பி, என் புத்தகத்தில் யாரும் திரும்பி வருவதில்லை. நீங்கள் எதை வாசித்தீர்கள்?

இதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். மூன்றாம் பாகம் எங்கும் போகவில்லை. அந்த மனிதர் நின்றபோது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நீங்கள் முதல் தடவை கேட்டபோதும் அங்கேதான் இருந்தது. கடைசிப் பாகத்தைக் கொஞ்ச நாள் பிடித்து வைப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. ஆவலில் வாடகைக்கு எடுத்தவர் மறுபடி வருவார், வரும்போது வேறொன்றும் எடுத்துப் போவார். உங்களிடம் அதற்காகச் செய்யவில்லை. கதை முடிந்தால் கடிதமும் நின்றுவிடும் என்று பயந்தேன். புதன்கிழமைப் படகு வரும்போது எனக்கு வருவது உங்கள் கடிதம் ஒன்றுதான்.

அந்தப் பெண் கதையின் முடிவுக்குக் காத்திருக்கிறாள் என்று நீங்கள் எழுதிய பிறகும் பிடித்து வைத்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் பாகம் இத்துடன்.

டின் ஓன்

*

கன்யின் ஓடை
தோதலின், தேய்பிறை இரண்டு

அக்கா,

உங்க மேல கோபப்படலாம்னு உக்காந்து பார்த்தேன். வரல. நான் பண்ணினதுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

நடந்ததைச் சொல்றேன். அன்னிக்குப் புதன்கிழமை. உங்க பொட்டலத்துல பேய்க்கதைதான் இருந்துச்சு. நான் பாய்ல உக்காரும்போதே பதினோரு பேரும் ஊசியை வச்சுட்டாங்க. "வந்துருச்சா?"ன்னாங்க. இல்லன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். மா ஞோ முகத்தைப் பார்த்துட்டேன் அக்கா. தலையில பூ வச்சிருந்தா. அஞ்சு வருசத்துல அவ பூ வச்சு நான் பாக்கல. யாருக்காக வச்சிருந்தாங்கிறதைக்கூட நான் யோசிக்கல. புருசன் வரணும்னுதான் இந்தப் பொண்ணு ஆசைப்படுறான்னு நானா நினைச்சுக்கிட்டேன். பேய்க்கதையைப் பிரிச்சு முகத்துக்கு நேரா வச்சுக்கிட்டு, "வந்துருச்சு"ன்னுட்டேன்.

அப்புறம் வாய் தானாப் போச்சு. படகுப் பாய் கிட்ட வந்துச்சு. நரைச்ச தலையோட புருசன் இறங்கினான். நிலார் ஓடினா. மீன்காரன் இலையைக் கீழ போட்டுட்டுத் திரும்பி நடந்தான். டோ பூவே அழுதா. எல்லாரும் கைதட்டினாங்க. அக்கா, ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு. அதை நினைச்சாத்தான் உடம்பு கூசுது. ரெண்டு மழைக்காலப் படிப்பு படிச்ச எனக்கு, எழுதினவனைவிட நான் நல்லா முடிச்சுட்டேன்னு ஒரு கர்வம்.

மா ஞோ அழல. எந்திரிச்சு வெளிய போயி வின் பேகிட்ட, "நான் காத்துக்கிட்டுத்தான் இருக்கணும்"னு சொல்லிட்டு வந்தா. எனக்குக் கேட்டுச்சு. அப்பவாவது எந்திரிச்சுப் பொய்யின்னு சொல்லியிருக்கலாம். கால் வலிக்குதுன்னு உக்காந்தே இருந்தேன்.

மூணாம் பாகத்தைப் படிச்சேன். முதல் பக்கத்துலயே அந்த உப்புப் படகு கிளம்பின பதினோராம் நாளே முங்கிப் போச்சுன்னு வருது. செத்தவனுக்கா பன்னெண்டு வருசம்! புத்தகத்தை மூடிட்டேன். மறுநாள் திரும்ப எடுத்தேன். அவ ஒரு மழைக்காலம் முழுக்க துறைக்குப் போகாம இருக்கா. அப்புறம் ஒருநாள் அவளே அரிசி எடுத்துக்கிட்டுச் சீட்டுக் குடுக்குறவன் வீட்டுக்குப் போயி, "மீன் இருக்கா?"ன்னு கேக்குறா. கடைசி வரியில சிரிக்கிறா. என் முடிவு இது கால் தூசிக்குக்கூட வராது. நீங்க கேட்டீங்களே, நான் எந்தப் பக்கம்னு. மீன்காரன் பக்கம்தான் அக்கா. முதல்லேருந்தே. அப்படியிருந்தும் அவனைத் துரத்திட்டேன்.

புத்தகம் பாய்க்கு அடியில கெடக்கு. மா ஞோகிட்ட இன்னும் சொல்லல.

தா லைங்

*

பியாபோன்
தோதலின், தேய்பிறை ஒன்பது

தம்பி,

மூலிகைப் புத்தகம் கேட்டிருந்தீர்கள். அனுப்பவில்லை. ஒளிந்துகொள்ள உங்களுக்கு நான் புத்தகம் தர மாட்டேன்.

அந்தப் பாகத்தைக் கொட்டகையில் சத்தமாக வாசியுங்கள். வாசிப்பதற்கு முன் பொய் சொன்னதைச் சொல்லுங்கள். என் பொய்யையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைக்காரி ஆறு வாரம் புத்தகத்தைப் பதுக்கினாள் என்று, என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். கேட்ட பிறகு அவள் காத்திருக்கிறேன் என்றாலும் சரி. அது அவளுடைய சொந்த பதிலாக இருக்கட்டும்.

வின் பே மறுபடி வந்தார். முடிவை நீங்களாவது சொல்லுங்கள் என்றார். மறந்துவிட்டேன் என்றேன். முப்பது வருடத்தில் ஒரு கதையின் முடிவையும் மறக்காதவள் நான். அவள் காதில் விழும் முன் அவர் காதில் விழக் கூடாது என்று தோன்றியது. பட்டறையில் பௌர்ணமி வரைதான் வேலையாம். பிறகு ஆற்றுக்கு மேலே வேறு ஊருக்குப் போகிறாராம்.

டின் ஓன்

*

கன்யின் ஓடை
தடின்ஜுட் மாதம், வளர்பிறை பதின்மூன்று

அக்கா,

நல்லா இருக்கீங்களா? இதை உங்க கடைக்குக் கொண்டு வரப்போறது நானேதான். எப்படின்னு சொல்றேன்.

உங்க கடிதம் வந்த மறுநாள் கொட்டகையில உக்காந்தேன். பேய்க்கதையை ஒரு கையிலயும் மூணாம் பாகத்தை ஒரு கையிலயும் தூக்கிக் காட்டினேன். "அன்னிக்கு நான் வாசிச்சது இது. கதை இருக்கிறது இதுல. நான் சொன்ன முடிவு பொய்"னேன். டோ பூதான் முதல்ல, "அட பாவி மனுசா, அப்ப நான் யாருக்குய்யா அழுதேன்?"ன்னா. ரெண்டு மூணு பேர் ஓலையை எடுத்து என்மேல எறிஞ்சாங்க. உங்க பேரைச் சொன்னேன். "அந்தக் கடைக்காரி வேறயா? ரெண்டு பேரையும் ஒரே தூண்ல கட்டி வைக்கணும்"னா டோ பூ. அவ சொன்னதைத்தான் எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

மா ஞோ தலையே தூக்கல. "முழுசா வாசிங்க"ன்னா. மூணு நாள் வாசிச்சேன். பதினோராம் நாள் படகு முங்கின இடத்துல அவ கையில ஊசி ஏறிருச்சு. ரத்தத்தைத் துடைச்சுட்டு, "மேல"ன்னா. கடைசி வரி முடிஞ்சதும் ஓலையைக் கட்டி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அதுக்கப்புறம் ஒன்பது நாள் என்கிட்டப் பேசல. கொட்டகைக்கு வருவா, எனக்கு முதுகைக் காட்டி உக்காருவா. நானும் வாசிக்கல. அந்த ஒன்பது நாளை நான் எழுத மாட்டேன்.

இன்னிக்குக் காலையில வீட்டு வாசல்ல வந்து நின்னா. கூடையில துணி சுத்தி ஒரு உளி. வின் பே அவசரத்துல விட்டுட்டுப் போனது. இத்தனை நாளா அவதான் எண்ணெய் தடவி வச்சிருந்திருக்கா.

"பெரியப்பா, அன்னிக்கு நான் பூ வச்சுக்கிட்டு வந்தேன். நீங்க பாத்தீங்க"ன்னா.

"பாத்தேன்மா."

"சரின்னு சொல்லத்தான் வச்சேன். கதையில அவளும் சரிம்பான்னு நினைச்சேன். எனக்கு அதுபோதும்னு இருந்துச்சு. நீங்க வாசிச்சதைக் கேட்டதும், அவளே காத்திருந்தாளே, நான் என்ன பொம்பளைன்னு ஆயிப்போச்சு."

மன்னிச்சிரும்மான்னு முனகினேன்.

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். படகு ஏறுங்க. அவர் முன்னாடி நின்னு, உங்க வாயால சொல்லுங்க. நான் போயி, பெரியப்பா பொய் வாசிச்சுட்டாருன்னு சொன்னா அந்த மனுசன் நம்புவாரா? சிரிக்க மாட்டாரு?"

"கால் இருக்கே மா ஞோ, ஆறு வருசமா..."

"வாய் நல்லாத்தானே இருக்கு? கால் எனக்கு வேண்டாம்"னா.

விளக்குத் திருவிழாவுக்கு விட்ட கூடுதல் படகு துறையில நிக்குது. அவ போயி இடம் பிடிச்சுட்டா. அந்த மனுசன் என்ன சொல்லுவார்னு தெரியல. உளியை வாங்கிக்கிட்டுப் பேசாமத் திரும்பிக்கலாம், என்னைத் தூக்கி ஆத்துல போட்டாலும் போடலாம். இந்தத் தடவை முடிவு என்னன்னு நான் சொல்ல மாட்டேன் அக்கா. அது என் வேலை இல்லன்னு புரிஞ்சு போச்சு.

துறைப் படியில உக்காந்துதான் இதை எழுதுறேன். பட்டறைக்குப் போற வழியிலதானே உங்க கடை. நேர்ல நின்னு பேச எனக்கு வராது. இத்தனை வருசத்துல உங்க முகத்தைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. இந்தக் கடிதத்தையும் மூணாம் பாகத்தையும் மேசைமேல வச்சுட்டு வாசல்ல நிப்பேன். படிச்சுட்டுக் கூப்பிடுங்க. ஊர் திரும்பி வாசிக்க நல்லதா ஒரு புத்தகமும் எடுத்து வைங்க. எத்தனை பாகமா இருந்தாலும் மொத்தமாக் குடுத்துருங்க. குடுத்தாலும் கடிதம் வரும்.

இன்னொண்ணு. கதை முடிஞ்சாக் கடிதம் நின்னுரும்னு பயந்தேன்னு எழுதியிருந்தீங்கல்ல? அதைப் படிச்ச அன்னிக்கு நான் முதல்ல என்ன நினைச்சேன்னா, இவ்வளவு பெரிய தப்பைப் பண்ணிட்டு உக்காந்திருக்கிற எனக்கு இப்படி ஒரு

"பெரியப்பா! கயித்தை அவுத்தாச்சு, இன்னும் என்ன எழுத்து?"

மா ஞோ கத்துறா. வந்துட்டேன்னு சொல்லிட்டேன். என்ன நினைச்சேன்னா அக்கா, நீங்க